கம்பி காயும் நேரம்

தண்ணீர் கொதிக்கிறவரைக்கும் அதைப் பற்றி யோசிப்பதில்லை என்று எபனேசர் முடிவு செய்திருந்தார். முடிவு செய்வதில் அவர் கெட்டிக்காரர்தான். அதன்படி நடப்பதில்தான் எப்போதும் கோளாறு. காலை எட்டே முக்கால். அயனாவரத்து வீட்டுச் சமையலறையில் இரண்டாவது அடுப்பின்மேல் அடி கறுத்த அலுமினியக் குண்டான் ஒன்று இருந்தது. நாற்பது வருஷத்துக்கும் மேலாக அதில் சோறோ குழம்போ வைத்ததில்லை. அதற்குக் கம்பிக் குண்டான் என்று பெயர். பேஸ் கிட்டாரின் நாலு கம்பிகளையும் கழற்றி, வளையம் வளையமாகச் சுற்றி, நூலால் ஒரு கட்டுக் கட்டி, அந்தக் குண்டானில் போட்டுப் பத்து நிமிஷம் கொதிக்கவிட்டால், விரல் வேர்வையும் அழுக்கும் விட்டுப்போய், செத்த கம்பி மறுபடி பேச ஆரம்பிக்கும். எண்பதுகளின் ஆரம்பத்தில் இந்த ஊரில் பேஸ் கம்பி வேண்டுமென்றால் கப்பலில் வேலை பார்க்கிற உறவுக்காரன் எவனாவது சிங்கப்பூரிலிருந்து வரவேண்டும். வருகிறவனுக்கு நினைவும் இருக்க வேண்டும். அதனால்தான் எபனேசர் சமையலறைக்குள் நுழைந்தார். இப்போது ஃபோனில் தட்டினால் மறுநாளே கம்பி வாசலில் வந்து நிற்கிறது. மகள் வாங்கி அனுப்பிய புதுக் கம்பி ஒரு செட் பீரோவுக்குள் உறைகூடப் பிரிக்காமல் கிடக்கிறது. புதுக் கம்பி போட்டால் வேறு யாரோ வாசிக்கிற மாதிரி இருக்கிறது என்பார் எபனேசர். அவர் மனைவி ஹெப்சிபா அதை நம்புவதில்லை. "உங்களுக்கு அடுப்புகிட்ட நின்னு எதையாவது வேகவைக்கணும், ஆனா சமையல் மட்டும் செய்யக்கூடாது. அவ்ளோதான் விஷயம்," என்று சொல்லிவிட்டு, முருங்கைக்கீரையை எடுத்துக்கொண்டு கூடத்துக்குப் போய்விட்டாள். குண்டானில் ஒரு குமிழிகூட இன்னும் வரவில்லை. அதற்குள் யோசிக்க ஆரம்பித்தாயிற்று.

தியோடர் நேற்றுச் சாயங்காலம் ஃபோன் செய்திருந்தான். லெவல் கிராஸிங் என்கிற ராக் பேண்டை நாற்பத்துநாலு வருஷத்துக்கு முன்னால் பெரம்பூரில் ஆரம்பித்தவன் அவன். பாடுகிறவனும் முன்னால் நின்று கிட்டார் வாசிக்கிறவனும் அவனே. எழுபது வயதாகியும் சட்டையில் மூன்றாவது பொத்தானைப் போடாதவன். வருகிற சனிக்கிழமை பேண்டின் கடைசி ஷோ. எட்டுப் பாட்டு, அதற்குப் பிறகு எல்லாரும் அவரவர் முட்டிவலியைப் பார்த்துக்கொள்ளலாம் என்று ஏற்பாடு. "டேய் எபி, கோவிச்சுக்காம கேளு," என்று ஆரம்பித்தான். கோவித்துக்கொள்ளாமல் கேட்கச் சொல்கிற எதுவும் நல்ல விஷயமாக இருந்ததில்லை. "நம்ம பழைய டேப்பெல்லாம் கம்ப்யூட்டர்ல ஏத்தியாச்சு. பேஸ் தனியா, ட்ரம்ஸ் தனியா, அழகா வந்திருக்கு. சனிக்கிழமை உன் பேஸை அதுலேருந்தே விட்டுடலாம்னு பாக்குறேன். நீ எப்பவும்போல நில்லு, எப்பவும்போல கையை வை. ஒயர் மட்டும் ஆம்ப்புக்குப் போகாது, சத்தம் வராது." எபனேசர் ஏன் என்று கேட்டார். அந்தப் பக்கம் தியோடர் தொண்டையைச் செருமினான். பாட்டுக்கு முன்னால் செருமுவான், பொய்க்கு முன்னாலும் செருமுவான்; உண்மைக்கும் செருமுவான் என்பது நேற்றுத்தான் தெரிந்தது. "லேட்டா வர்றடா எபி. ஞாயித்துக்கிழமை நீயே பாத்தல்ல. வேற எவனோட வாசிப்பும் இல்லடா, உன்னோடதுதான். இருபத்தொன்பது வயசு எபி வாசிப்பான், அறுபத்தெட்டு வயசு எபி நிப்பான். நாளைக்குப் பத்து மணிக்குள்ள ஒரு வார்த்த சொல்லு. பதினோரு மணி ரிகர்சலுக்குள்ள சவுண்டுக்காரன் எல்லாத்தையும் கோக்கணும். பாட்டெல்லாம் உனக்கு அனுப்பியிருக்கேன், கேட்டுப் பாரு." எபனேசர் சரி என்றும் சொல்லவில்லை, முடியாது என்றும் சொல்லவில்லை. "கம்பி வேகவைக்கணும்டா," என்று சம்பந்தமே இல்லாமல் ஒன்றைச் சொல்லி வைத்துவிட்டார். அனுப்பியதையும் திறக்கவில்லை.

குண்டானின் ஓரத்தில் முதல் குமிழிகள் வந்தன. வாசிக்காத கிட்டாருக்கு எதற்குக் கம்பியை வேகவைக்க வேண்டும் என்கிற கேள்வியும் கூடவே வந்தது. ஒயர் போகாத கிட்டாரில் துரு பிடித்த கம்பி இருந்தால் என்ன, துணி காயப்போடும் கொடி இருந்தால்தான் என்ன? கேட்கப்போவது யார்? எபனேசர் கேள்வியைக் கரண்டியால் ஒரு கலக்குக் கலக்கினார். ஞாயிற்றுக்கிழமை ரிகர்சலில் நடந்தது மறுபடி வந்து நின்றது. 'கடைசி லோக்கல்' என்று ஒரு பாட்டு. லெவல் கிராஸிங்கை நாலு பேருக்குத் தெரியவைத்ததே அந்தப் பாட்டுத்தான். கடைசி ரயிலைத் தவறவிட்டவனுடைய பாட்டு. ஒவ்வொரு சரணத்தின் முடிவிலும் எல்லா வாத்தியமும் ஒரே இடத்தில் சட்டென்று நின்றுவிடும். ஒரு நிசப்தம். பிறகு பேஸும் ட்ரம்ஸும் சேர்ந்து, ஒரே அடியாக, தொப்பென்று இறங்கும். அந்த நிசப்தத்துக்காகவே காலேஜ் பிள்ளைகள் காத்துக்கிடப்பார்கள். மூச்சை அடக்கிக்கொண்டு நிற்பார்கள், இறங்குகிற அடியில் கத்துவார்கள். ஞாயிற்றுக்கிழமை அந்த இடத்தில் ட்ரம்ஸ் தனியாக இறங்கியது. அதற்குப் பிறகு, எங்கோ மாடிப்படியில் கால் தவறினவன் மாதிரி, எபனேசருடைய பேஸ் இறங்கியது. மறுபடி செய்தார்கள். மறுபடியும் டும், டும் என்று இரண்டு சத்தம். ட்ரம்ஸ் வாசிக்கிற கௌஷிக் நல்ல மனுஷன், முப்பத்தாறு வயது, பெரிய கம்பெனி வேலை, வீட்டில் இரட்டைக் குழந்தைகள். காதுக்குள் ஒரு மிஷினை மாட்டிக்கொண்டு அதன் டிக் டிக்குக்கு வாசிக்கிறவன். ஒரு மயிரிழை பிசகமாட்டான். "அங்கிள், நீங்க கொஞ்சம் பின்னாடி வர்றீங்க, பரவால்ல, இன்னொரு தடவ போலாம்," என்றான். நாலாவது தடவை அவன் பரவாயில்லை என்று சொல்லவில்லை. அதுதான் உறைத்தது. எபனேசர் இடது கையை அடுப்புத் திட்டின்மேல் விரித்து வைத்துப் பார்த்தார். மோதிர விரல் லேசாக ஆடுகிறதா, இல்லை ஆவியில் அப்படித் தெரிகிறதா? அண்ணன் ஞானராஜுக்கும் கை நடுக்கம் இப்படித்தான் ஆரம்பித்தது; முதலில் காபி தம்ளர், பிறகு சட்டைப் பொத்தான், பிறகு எல்லாமே. கரண்டிக் காம்பால் திட்டின்மேல் தட்டிப் பார்த்தார். ஒன்று, இரண்டு, மூன்று, நாலு. சரியாகத்தான் இருந்தது. தனியாக இருக்கும்போது யாருக்குத்தான் தாளம் தப்பும்? பயமாக இருந்தது, அதை ஒத்துக்கொள்வதில் அவருக்கு வெட்கமில்லை, இந்த வீட்டில் கம்பிக் குண்டானைத் தவிர வேறு யாரும் பார்க்கவும் இல்லை.

கொதி வந்துவிட்டது. கம்பிக் கட்டை மெதுவாக உள்ளே இறக்கினார். தண்ணீர் ஒரு கணம் அடங்கி, மறுபடி புரண்டது. சற்று நேரத்தில் வெளிறிய பழுப்பாக ஏதோ கரைந்து வந்தது. போன ஆறு மாதத்து வேர்வை. இந்த வித்தையைக் கற்றுக்கொடுத்தவன் ஜலீல். ட்ரம்ஸ் ஜலீல். புதுப்பேட்டையில் அவன் வாப்பாவுக்குப் பழைய கார்களைப் பிரித்து விற்கிற கடை. எந்த வண்டியில் எது கழன்றாலும் அது எதற்காவது ஆகும் என்று வளர்ந்தவன். ஸ்கூட்டர் ஸ்ப்ரிங்கை எடுத்து ட்ரம் பெடலுக்கு மாட்டியவன். "க்ரீஸ் புடிச்ச செயினை வென்னில போட்டா என்னா ஆவுது? அதேதான் மாமே, கம்பின்னா மட்டும் என்னா பெரிய இவனா?" என்றான். சரி என்று எபனேசர் வீட்டுக்கு வந்தார். கல்யாணமாகி நாலாவது மாதம். அடுப்பில் சுடச்சுட ஒரு பாத்திரத்தில் தண்ணீர் இருந்தது. தனியாக எதற்குக் காஸை வீணாக்க வேண்டும் என்று கம்பிகளை அதில் போட்டுவிட்டார். அது புடவைக்குப் போட ஹெப்சிபா வடித்து வைத்திருந்த கஞ்சி. அன்றைக்கு ஒரு மெடிக்கல் காலேஜ் ஹாஸ்டலில் ஷோ. மேடையில் நின்று முதல் கம்பியைத் தொட்டபோது அது விரலை விடமாட்டேன் என்று பிடித்துக்கொண்டது. சத்தம் கம்பியிலிருந்து வராமல் தலையணையிலிருந்து வருகிற மாதிரி பொத்துப் பொத்தென்று விழுந்தது. ஜலீல் ட்ரம்ஸுக்குப் பின்னால் உட்கார்ந்து சிரித்த சிரிப்பில் ஒரு குச்சியைக் கீழே போட்டுவிட்டான். போட்டதையும் தாளத்தில்தான் போட்டான். கேட்டவர்கள் புதுமாதிரி சவுண்டு என்று பாராட்டினார்கள். ஹெப்சிபா மூன்று நாள் பேசவில்லை. நாலாம் நாள் இந்தக் குண்டானைக் கொண்டுவந்து அடுப்பின்மேல் ணங்கென்று வைத்தாள், "இது உங்க கம்பிக்கு, மத்ததைத் தொட்டீங்கன்னா பாருங்க." அதை நினைத்து எபனேசருக்கு இப்போதும் சிரிப்பு வந்தது. சிரித்து முடித்ததும் ஜலீல் இல்லை என்பதும் வந்தது. அது எப்போதும் இரண்டாவதாகத்தான் வரும்.

ஜலீலோடு வாசித்தது மொத்தம் நாற்பத்தொரு வருஷம். ஆயிரம் மேடை இருக்குமா? இருக்கும். ரயில்வே இன்ஸ்டிட்யூட் டான்ஸிலிருந்து, பாதியில் கரெண்டு போய் டார்ச் விளக்கில் முடித்த ஏற்காடு ஷோ வரைக்கும். ரயில்பெட்டித் தொழிற்சாலையில் பெயின்ட் அடித்துவிட்டு, நகத்துக்கடியில் பச்சை நிறத்தோடு எபனேசர் ஓடிவந்து வாசித்த சாயங்காலங்கள். மேடையில் தியோடர் ஜனங்களைப் பார்த்துக்கொண்டிருப்பான். எபனேசர் தரையைப் பார்த்துக்கொண்டிருப்பார். அது அவர் பழக்கம், தரையில்தான் பேஸ் நடுக்கம் தெரியும், செருப்பு வழியாக ஏறும். ஜலீல் எபனேசரைப் பார்த்துக்கொண்டிருப்பான். நெற்றியில் விழுகிற முடிக்கு அடியிலிருந்து, இடது தோளைக் கொஞ்சம் உயர்த்திக்கொண்டு, கண்ணெடுக்காமல் பார்ப்பான். எபனேசருக்கு அதில் ரகசியமாக ஒரு கர்வம். ஜலீல் என்னைப் பார்த்துத்தான் வாசிப்பான் என்று நாலு பேரிடம் சொல்லியும் இருக்கிறார். ஒரு தடவை பத்திரிகையில் ஒருத்தர், 'அவசரமே படாத பேஸ், தாளத்தைப் பின்னாலிருந்து இழுத்துப் பிடிக்கிறது' என்று எழுதியிருந்தார். அந்தத் துண்டு இப்போதும் கிட்டார் பெட்டியின் மேல்மூடிக்குள் ஒட்டியிருக்கிறது, செல்லரித்து, 'அவசரமே' மட்டும் போய்விட்டது. அந்தத் துண்டைத்தான் நேற்று ராத்திரி படுக்கப்போகும் முன் பார்த்தார். பின்னாலிருந்து இழுப்பது என்றால் என்ன? லேட்டாக வருவதுதானே? அப்போது அது பாராட்டு. இப்போது அதே விஷயம் கையாலாகாத்தனம். எங்கே மாறியது, எந்த வருஷம், எந்த விரலில்? இந்த இடத்தில்தான் யோசனை ஒவ்வொரு தடவையும் மாட்டிக்கொள்கிறது, வேட்டி நுனி ஆணியில் மாட்டுகிற மாதிரி. இழுத்தால் கிழியும், விட்டால் நகர முடியாது.

பார்க்கப்போனால் அவர் எதற்குத்தான் நேரத்துக்குப் போனார்? தன் கல்யாணத்துக்கே இருபது நிமிஷம் லேட். முந்தின நாள் வேலூரில் ஷோ; திரும்பி வந்த வேனில் டயர் வெடித்துவிட்டது. சர்ச்சில் ஹெப்சிபாவின் அப்பா வாசலுக்கும் பீடத்துக்கும் நடந்து நடந்து, கடைசியில் ஆர்கன் வாசிக்கிறவரிடம் ஏதாவது வாசியுங்கள் என்று கெஞ்சினாராம். அது சிரிக்கிற லேட். ஜலீலுடையது சிரிக்கிற லேட் இல்லை. மூன்று வருஷத்துக்கு முன்னால், பெருநாள் முடிந்த மூன்றாம் நாள், காலையில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தவன் அப்படியே சாய்ந்துவிட்டான். எபனேசர் காட்பாடியில் ஒரு கல்யாண வீட்டில் இருந்தார். மதியத் தொழுகை முடிந்ததும் அடக்கம் என்று ஃபோன் வந்தது. ஓடினார். ரயில் அரக்கோணத்தில் நின்றது, நின்றுகொண்டே இருந்தது. வெளியே ஒருத்தர் வெள்ளரிக்காய் விற்றுக்கொண்டிருந்தார், அவர் குரல்கூட நினைவிருக்கிறது. கபரஸ்தானுக்குப் போய்ச் சேர்ந்தபோது எல்லாரும் கைகால் கழுவிக்கொண்டு வெளியே வந்துகொண்டிருந்தார்கள். ஜலீலின் மகன் அன்சர் வந்து கையைப் பிடித்துக்கொண்டான். "அரை மணி நேரம் உங்களுக்காக வச்சிருந்தோம் மாமா. அம்மாதான் வைக்கச் சொன்னாங்க, எபி அண்ணன் கொஞ்சம் லேட்டாத்தான் வருவார்னு வாப்பா எப்பவும் சொல்வாராம். அதுக்கு மேல பெரியவங்க ஒத்துக்கல." எபனேசர் அதைக் குத்தல் என்றே எடுத்துக்கொண்டார். அப்படி எடுத்துக்கொள்வதுதான் அவருக்கு அன்றைக்குச் சுலபமாக இருந்தது. ஈரமான புது மண்ணைப் பார்த்தபடி நின்றார். நாற்பத்தொரு வருஷம் தன்னைக் கண்ணெடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தவனை அவருக்குக் கடைசியாக ஒரு தடவை பார்க்கக் கிடைக்கவில்லை. அந்த வருத்தம் ஆறவில்லை, ஆறும் என்றும் அவர் எதிர்பார்க்கவில்லை.

பத்து நிமிஷம் பன்னிரண்டாகிவிட்டது. அடுப்பை அணைத்து, இடுக்கியால் கட்டைத் தூக்கினார். ஆவி முகத்தில் அடித்தது, பழைய இரும்பு வாசனை, மழைக்காலத்துக் கிணற்று வாளியின் வாசனை. பழைய துண்டில் வைத்து ஒவ்வொரு கம்பியாகத் துடைத்தார். சூடு உள்ளங்கையில் ஏறியது. அந்தச் சூட்டுக்குக் கை ஆடவில்லை என்பதைக் கவனித்துக்கொண்டார். பின்பக்கக் கொடியில், ஹெப்சிபாவின் நைட்டிக்கும் தலையணை உறைக்கும் நடுவில், நாலு கம்பிகளையும் க்ளிப் போட்டு வெயிலில் தொங்கவிட்டார். மணி ஒன்பதரை தாண்டியிருந்தது. கால் மணி நேரம் காய வேண்டும். ஹெப்சிபா கீரைத் தண்டுகளைக் கொட்ட வந்தவள் நின்றாள். "நேத்து தியோ என்ன சொன்னாரு? அப்போலேருந்து மூஞ்சி சரியில்ல." சொன்னார். எதையும் குறைக்காமல், கூட்டாமல் சொன்னார். அவள் உடனே ஆறுதல் சொல்கிற ரகம் இல்லை. முறத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு கம்பிகளையே பார்த்தாள். "நாப்பது வருஷமா கேக்குறேன். உண்மையைச் சொல்லட்டா? பேஸ் எனக்குக் கேட்டதே இல்ல. பாட்டு கேக்கும், தியோ கேக்கும். நீங்க நிறுத்தினா மட்டும் என்னவோ கொறையுதுன்னு தெரியும்." பிறகு, "டேப்புல விட்டா எனக்கு வித்தியாசம் தெரியாது. உங்களுக்குத் தெரியும்ல?" என்றாள். தெரியும் என்றார். "அப்ப அவர் அனுப்பினதைக் கேட்டுப் பாத்தீங்களா?" இல்லை. "கேக்காமலே ராத்திரி பூரா புரண்டீங்களாக்கும்," என்று சொல்லி, சார்ஜில் கிடந்த ஃபோனைக் கொண்டுவந்து கையில் திணித்துவிட்டுப் போனாள்.

எட்டுப் பாட்டு வரிசையாக வந்திருந்தன. எபனேசர் 'கடைசி லோக்கல், பேஸ்' என்றிருந்ததைத் தொட்டார். தொடுவதற்கு முன்னால் கண்ணாடியைத் துடைத்தார், நாற்காலியை நகர்த்திப் போட்டார், இருமினார். லேட்டாக வருகிறவர்கள் செய்கிற எல்லாவற்றையும் செய்தார். தன் பேஸைத் தனியாக அவர் கேட்டதே இல்லை. யார்தான் கேட்டிருக்கிறார்கள், அது தனியாகக் கேட்பதற்கான பொருளும் இல்லை. ஃபோனிலிருந்து முதலில் இரைச்சல் வந்தது. பிறகு டிக், டிக் என்று விரல் கம்பியில் படுகிற ஓசை மட்டும். பேஸ் எங்கே? அப்புறம்தான் புரிந்தது: இந்தச் சின்ன ஃபோனுக்கு அடித்தொண்டை கிடையாது. பேஸை அது விழுங்கிவிட்டு மிச்சத்தைத் துப்புகிறது. முப்பத்தொன்பது வருஷத்துக்குப் பிறகு கேட்க உட்கார்ந்தால் தன்னைத் தவிர மற்ற எல்லாம் கேட்கிறது, நல்ல கூத்து. மற்ற எல்லாம் என்றால், அந்த அறை. வடபழனியில் ஒரு ஸ்டூடியோ, சினிமாக்காரர்கள் சாப்பிடப் போகிற இரண்டு மணி நேர இடைவெளியில் கிடைத்தது. மூன்று பேரும் ஒரே அறையில் வாசித்தார்கள். பேஸ் ஆம்ப்பைச் சுவர்ப் பக்கம் திருப்பி முன்னால் ஒரு மைக் வைத்திருந்தார்கள். அதற்கு ஆறடி தள்ளி ஜலீல். அந்த மைக் அவனையும் கேட்டிருக்கிறது. தூரத்தில், பக்கத்து வீட்டில் வாசிக்கிற மாதிரி, ஜலீலின் ட்ரம்ஸ் வந்துகொண்டிருந்தது. எபனேசர் ஃபோனைக் காதோடு வைத்துக்கொண்டார். சரணம் முடிந்தது. எல்லாம் நின்றது. அந்த நிசப்தம். அப்போது வெளிவந்த கேசட்டில் அது சுத்தமான நிசப்தம். கேசட்டுக்காகச் சேர்க்கும்போது இன்ஜினியர் அந்த இடத்தில் சத்தத்தை மூடியிருப்பார். இங்கே, மூல டேப்பில், மூடவில்லை. ஒரு நாற்காலி கிறீச்சிட்டது. யாரோ மூச்சை இழுத்தார்கள். பிறகு, மெதுவாக, பல்லுக்கிடையில், யாரும் கேட்க வேண்டாம் என்று பேசுகிற குரல். "இரு... இரு... இரு... வா மாமே." டிக்கென்று விரல் கம்பியில் விழுந்தது, அதே நொடியில் ஜலீலின் அடியும் விழுந்தது.

எபனேசர் நிறுத்தினார். பின்னால் தள்ளி மறுபடி கேட்டார். இரண்டாவது சரணம். "இரு... இரு... வா." மூன்றாவதில் நாலு இரு. அந்தத் தடவை ரொம்ப நேரம் எடுத்துக்கொண்டிருக்கிறார் போலிருக்கிறது. நாலாவதில் ஒரு 'இரு', கூடவே உஸ்ஸென்று ஒரு சிரிப்பு. யாரிடம் இரு என்கிறான்? தன் கையிடம்தான். மேலே தூக்கிய தன் கையைப் பிடித்து வைத்துக்கொள்கிறான், எபனேசர் தரையிலிருந்து நிமிர்ந்து வந்து சேர்கிறவரைக்கும். இருபத்தொன்பது வயதில், விரல் ஆடாத வயதில், அண்ணனுக்கு ஒன்றும் வராத வயதில், எபனேசர் லேட். அப்போதே லேட். எப்போதுமே லேட். ஜலீல் என்னைப் பார்த்துத்தான் வாசிப்பான். ஐயோ கடவுளே, அதை எத்தனை பேரிடம் சொல்லியிருக்கிறார். கொடியில் கம்பிகள் வெயிலில் மின்னிக்கொண்டு ஆடின. அவருக்கு முகமெல்லாம் சுட்டது, வெட்கமா சந்தோஷமா என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. அழுகை வந்தது, அதை மட்டும் சந்தேகமில்லாமல் சொல்லலாம். அரை மணி நேரம் உங்களுக்காக வச்சிருந்தோம் மாமா. அது குத்தல் இல்லை. அன்றைக்கும் அவனை இரு என்று பிடித்துத்தான் வைத்திருக்கிறார்கள். மணி பத்தாக எட்டு நிமிஷம் இருந்தது.

தியோடர் முதல் மணியிலேயே எடுத்தான். "சொல்றா." "தியோ, அந்தப் பாட்டுல அந்த நிசப்தம், நீ எழுதும்போது எவ்ளோ?" அந்தப் பக்கம் செருமல் கேட்டது. "ஒரு எண்ணிக்க." "ஒண்ணா?" "ஒண்ணுதான்டா. ஒண்ணுலயே எறங்கணும்னுதான் எழுதினேன். நீ வரல. நீ வரலன்னு அவனும் வரல. நீ வந்தப்புறம் ரெண்டு பேரும் வந்தீங்க. ஊரே அந்த எடத்துக்குத்தான் கத்துச்சு, நான் என்ன பண்ணட்டும்?" "எனக்கு மட்டும்தான் தெரியாதா?" என்றார் எபனேசர். "அவன்தான் சொல்லக்கூடாதுன்னுட்டான். சொன்னா எபி எண்ண ஆரம்பிச்சுடுவான், எண்ணினா அவன் வாசிப்பே போயிடும்னான். எங்கிட்ட சத்தியம் வாங்கினான்டா. இப்ப அவன் இல்ல, எபி. கௌஷிக்குக்குக் காத்திருக்கத் தெரியாது, அது அவன் தப்பும் இல்ல. டேப்புன்னா எங்க எவ்ளோ நேரம்னு மிஷினுக்குத் தெரியும். உனக்காக நிக்கிற ஆளு இனிமே அந்த டேப்புல மட்டும்தான் இருக்கான். அதான் கேட்டேன். உன்ன கேவலப்படுத்தவா கேட்டேன்?" இல்லை என்று எபனேசருக்குத் தெரிந்தது. நேற்றே தெரிந்திருக்க வேண்டும், அதற்கும் லேட். "ஏழு பாட்டுக்கு உன் இஷ்டம்," என்றார். "ஒயரை எடுத்துடு, கையை வச்சுட்டு நிக்கிறேன், யாருக்கும் தெரியாது, எம் பொண்டாட்டிக்கே தெரியாதாம். கடைசி லோக்கலுக்கு மட்டும் ஒயர் போட்டுடு. அந்த ஒரு பாட்டுக்குக் கௌஷிக் காதுலேருந்து அதைக் கழட்டட்டும். தாளம் எல்லாம் அவன் இஷ்டம். நிக்கிற எடத்துல மட்டும் என்னைப் பாக்கச் சொல்லு." "அவனால முடியலன்னா?" "முடியலன்னா ரெண்டு சத்தம் கேக்கும். கேக்கட்டும். கடைசி ஷோதானே." தியோடர் பெரிதாக மூச்சுவிட்டான். "சரி வா. பதினொண்ணுக்கு வந்துடு." பிறகு அவனே, "பதினொன்னேகாலுக்கு வா," என்று திருத்திக்கொண்டான்.

கம்பி காய்ந்திருந்தது. தடித்த கம்பியை முதலில் போட வேண்டும், மற்றவை பிறகு. இந்த வரிசையை அவர் மாற்றியதில்லை. கட்டிலில் உட்கார்ந்து, கிட்டாரை மடியில் கிடத்தி, ஒவ்வொன்றாகக் கோத்து முறுக்கினார். கம்பிகளில் இன்னும் வெயில் சூடு இருந்தது. சுருதி சேர்த்தார். கம்பி பேசியது, நேற்றைவிடத் தெளிவாக. மோதிர விரல் ஆடத்தான் செய்தது, கொஞ்சம்; அதைப் பற்றி டாக்டரிடம் கேட்க வேண்டும், கேட்பார், வருகிற வாரம். கூடத்திலிருந்து ஹெப்சிபா, "மணி பத்து இருவது. இப்ப கெளம்பினாத்தான் ஆட்டோ கிடைக்கும், அப்புறம் லேட்டுன்னு பொலம்பாதீங்க," என்றாள். வருகிறேன் என்றார். ஃபோனைத் தலையணைமேல் சாய்த்து வைத்து, பாட்டை முதலிலிருந்து விட்டார். ஒயர் இல்லாத கிட்டாரில், தரையைப் பார்த்தபடி, தூரத்து ட்ரம்ஸுக்கு வாசித்துக்கொண்டே போனார். சரணம் முடிந்தது. எல்லாம் நின்றது. எபனேசர் முதல் தடவையாகத் தலையைத் தூக்கி, ட்ரம்ஸ் இருக்க வேண்டிய திசையைப் பார்த்தார். அங்கே பீரோதான் இருந்தது. அவர் எண்ணவில்லை. இரு என்றான் ஜலீல். இரு. இரு. வா மாமே என்றான். எபனேசர் வந்தார்.